பனிக்கென்று விற்ற மாவு

பரிபூரணத்திடம் மாவு வாங்கப் போகிறவர்கள் இரண்டு வருஷமாக மாவோடு பனியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் அவள் வீடு. கையில் தூக்குச்சட்டியோடு வந்து நிற்கிறவர்களிடம், "எக்கா, மணாலின்னு ஒரு ஊரு இருக்காம்ல, அங்க மே மாசத்துலயும் பனி கெடக்குமாம். நம்ம தெருவுல மண்ணு கெடக்குத மாதிரி!" என்று தொடங்கிவிடுவாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். தோசைக்கு நேரமாகிறதே என்று அவர்கள் நெளிவார்கள். மாவை அளந்து ஊற்றுகிற கரண்டி பாதியில் நிற்கும், பரிபூரணத்தின் வாய் மட்டும் நிற்காது.

இந்தப் பனிக் கிறுக்கைக் கிளப்பிவிட்டவர் அவள் புருஷன் ராஜரத்தினம்தான். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் வடக்கேயிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள், நாலு பேருக்கும் கண் மட்டும்தான் வெளியே தெரிகிறது, சுற்றிலும் ஒரே வெள்ளை. அந்த நாலில் தாலி கட்டினவர் யார் என்று கண்டுபிடிக்கவே அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்டுபிடித்த பிறகும் அவள் கண் அவர்மேல் நிற்கவில்லை, பின்னால் கிடந்த வெள்ளைமேல்தான் போய் நின்றது.

அவர் ஊருக்கு வந்து, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து, தொப்பையும் போட்டுவிட்டார். அவளுக்கு ஆசை அடங்கவில்லை.

"ஏங்க, பனி எப்படிங்க இருக்கும்?"

"ஐஸ்பெட்டியத் தொறந்து பாரு. அதேதான்."

"ஐஸ்பெட்டிக்குள்ள நான் எப்படிங்க நிக்கிறது?"

"நின்னவனுக்குல்லா தெரியும் அந்தக் கஷ்டம்! போடி, போயி வேலையப் பாரு."

இந்த மனுஷனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குப் புரிந்துபோனது. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதுவரை வாரத்தில் ஆறு நாள்தான் மாவு விற்பாள். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டருக்கும் ஓய்வு, அவளுக்கும் ஓய்வு. ஆனால் ஊரே கறிக்குழம்புக்குத் தோசை தேடுகிற நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஓய்வைத் தூக்கி எறிந்தாள். ஆறு நாள் மாவுக் காசு எப்போதும்போல மளிகைக்கும் கரண்டு பில்லுக்கும். பென்ஷனும் மில் சம்பளமும் மகள் வெங்கடேஸ்வரியின் காலேஜுக்கும் நாளைக்கு அவள் கல்யாணத்துக்கும். ஞாயிற்றுக்கிழமை மாவுக் காசு பனிக்கு. அது எந்தச் செலவிலிருந்தும் பிடுங்கின காசு இல்லை. அவள் தூக்கத்திலிருந்து பிடுங்கின காசு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பரிபூரணம் பனியில் போடப்போவதையும் அளந்துதான் சேர்த்தாள். மாதம் பிறந்ததும் பேங்கில் ஆர்.டி. கட்டிவிடுவாள். புரட்டாசி வந்தால் ஊர் கறியை நிறுத்திவிடும், ஞாயிற்றுக்கிழமை மாவு சட்டியிலேயே புளித்துக் கிடக்கும். அந்த மாதம் அவள் முகமும் புளித்துத்தான் கிடக்கும். அப்போதும் வேறு பணத்தில் கை வைக்க மாட்டாள், முந்தின மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைக் காசில் மிச்சம் பிடித்ததை வைத்தே ஆர்.டி.யைக் கட்டுவாள்.

கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கிற வெங்கடேஸ்வரிக்குத்தான் பொறுமை இல்லை. "எம்மா, எதுக்கு இம்புட்டுக் கஷ்டப்படுத? போன்லயே வருது பாரு, இப்போ டூர் போயிட்டு வந்து பொறவு தவணையில கட்டலாமாம்."

"ஏட்டி, பனி உருகிப் போயிரும். தவணை உருகுமா?"

ஆர்.டி. முடிந்து பணம் கைக்கு வந்த அன்று அவளைப் பார்த்திருக்க வேண்டும்! பேங்கிலிருந்து வீடுவரை நடந்தாளா பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது. பக்கத்து வீட்டு மாஜிதாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மகள் போனில் ரயில் டிக்கெட் போட்டாள், மே மாதக் கடைசிக்கு. ஏ.சி. இல்லை, சாதாரண ஸ்லீப்பர்தான். மணாலியில் முன்னாள் ராணுவத்தார் தங்குகிற விடுதியில் குறைந்த வாடகைக்கு அறை கேட்டு ராஜரத்தினமே முனகிக்கொண்டே போன் போட்டார். மூன்று வேளையும் ஓட்டலில் தின்றால் திரும்பி வரக் காசு இருக்காது என்று குட்டி ரைஸ் குக்கர், இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் பட்டியலில் ஏறின. ஊரில் இல்லாத நாட்களுக்கு மாவு வாடிக்கையை மாஜிதா பார்த்துக்கொள்வாள், லாபமும் அவளுக்கே.

"எக்கா, எனக்குன்னு ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம். பனியில நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க, அது போதும்" என்றாள் மாஜிதா. அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மம்சாபுரத்திலிருந்து செய்தி வந்தது. ராஜரத்தினத்தின் தங்கை செல்லத்தாயின் மகள் மாரிக்கனி பெரிய மனுஷியாகிவிட்டாள்.

இதற்குப் பரிபூரணம் பதறவில்லை. பெண்பிள்ளை வளர்ந்தால் சடங்கு வரும், தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். இது ஜோசியம் பார்த்தா தெரிய வேண்டும்? நகைக்கடையில் சீட்டுக் கட்டி அரைப்பவுன் தோடு எடுத்து எப்போதோ பீரோவில் வைத்துவிட்டாள். பட்டுப்பாவாடைக்கும் தட்டுகளுக்கும் தனியாகக் காசு இருந்தது. சடங்குக்குக் குறித்த நாளும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் விழுந்தது. "நல்லதாப் போச்சு, மருமவளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திட்டு ரயிலேறிரலாம்" என்று சிரித்தாள்.

நாள் குறிக்கப் போன இடத்தில்தான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார்கள். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பரிபூரணம் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். செல்லத்தாயின் புருஷனுக்குப் பங்காளி ஒருவர், போலீசில் ஏட்டு, பெயர் பாண்டிச்செல்வம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"எம்மவ சடங்குக்கு எங்க மச்சான் ஒரு பவுன்ல சங்கிலி போட்டு, நூறு தட்டு எடுத்து வந்தாரு. பட்டாளத்து மச்சான் என்ன செய்யப் போறாருன்னு ஊரே பாத்துக்கிட்டு இருக்கு."

பட்டாளத்து மச்சானுக்கு அது போதாதா? முதுகு நிமிர்ந்துவிட்டது.

"நூத்தியொரு தட்டு! மருமவளுக்கு ஒரு பவுன் சங்கிலி! எழுதிக்கோரும்."

ஆற்றிய காப்பி பரிபூரணத்தின் கையில் கொட்டியது. சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பவுன் விற்கிற விலையில் அரைப்பவுன் தோட்டை மாற்றி ஒரு பவுன் சங்கிலி ஆக்க வேண்டுமென்றால் மீதி அரைப்பவுனுக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

திரும்பி வரும்போது பைக்கில் அவர் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் காற்றில் காதுப்பக்கமாக ஓடியது. கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"சபையில வச்சுக் கேட்டுட்டான்டி. நான் என்ன செய்யட்டும்?"

"சொல்லுததுக்கு முன்னாடி உள்ள ஒருத்தி காப்பி ஆத்திக்கிட்டு நிக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"ஒங்கிட்டக் கேட்டுட்டுச் சபையில பேசுனா நாலு பேரு சிரிக்க மாட்டானா? பனி எங்கயும் ஓடிப் போயிராது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் அவ படிப்பு முடியும். அதுக்கடுத்து கல்யாணம். அதுக்கடுத்து பேறுகாலம். எந்த அடுத்த வருசம்ங்க?"

"அப்போ வட்டிக்கு வாங்குதேன்."

"வாங்குங்க! வட்டியக் கட்ட ஞாயித்துக்கிழமை மாவ அரைக்கதுக்கு வேற ஆளப் பாருங்க!"

அவர் வண்டியை முறுக்கினார்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷன் வாக்குப் பொய்த்தால் நாத்தனார் வீட்டில் தலைகுனிவு. டிக்கெட்டை ரத்து செய்தால் நெஞ்சு வெடித்துவிடும். கடன் வாங்கினால் இத்தனை வருஷம் ஒரு ரூபாய் வட்டி கட்டாமல் ஓட்டிய குடும்பம் நாறிவிடும். மறுநாள் மாவு வாங்க வந்தவர்கள் பனிக்கதை இல்லாமல் வெறும் மாவோடு திரும்பினார்கள். "என்னக்கா, ஒடம்புக்குச் சரியில்லையா?" என்று மாஜிதா மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு கிலோ மாவைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு மம்சாபுரம் டவுன்பஸ்ஸில் ஏறினாள். என்ன சொல்வது என்று பஸ்ஸில் பத்துவிதமாகப் பேசிப் பார்த்தாள். செல்லத்தாய் வாசலில் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மலையடிவாரத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுத்தவர். பரிபூரணத்தைக் கண்டதும், "வாங்க மதினி" என்று எழுந்தாள். பஸ்ஸில் யோசித்த பத்தும் பரிபூரணத்துக்கு மறந்துவிட்டது.

"செல்லத்தாயி, எனக்குப் பனி பாக்கணும்" என்றாள். சொன்னதும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "ஒம்மவளுக்குச் செய்யக் கூடாதுன்னு இல்லட்டி. அரைப்பவுன் தோடு நான் எப்பவோ எடுத்து வச்சிட்டேன். ஒங்கண்ணன் ஒரு பவுன்னுட்டாரு. அதைப் போட்டா எனக்குப் பனி இல்ல. என்னைத் தப்பா நெனைக்காத."

செல்லத்தாய் கையிலிருந்த மாங்காயைக் கூடையில் போட்டாள். அவள் கோபப்படுவாள் என்றுதான் பரிபூரணம் பயந்தாள். அவளோ தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மதினி, நீங்க இன்னைக்கு வரலைன்னா நாளைக்கு நான் வந்திருப்பேன். நேத்து எனக்குத் தூக்கமே இல்ல. அண்ணன் இன்னைக்கு ஒரு பவுன் போட்டா, வெங்கடேஸ்வரி கல்யாணத்துக்கு நான் என்ன போடணும்? அத்தைக்காரி கொறைச்சா போட முடியும்? பூ உதிர்ந்து குத்தகைத் துட்டே இந்த வருசம் கைக்கு வரல. எங்க அண்ணன் வாயில வந்தது நம்ம ரெண்டு பேரு கழுத்துலயும்லா விழுந்திருக்கு!"

பரிபூரணத்துக்கு அழுகை நின்றுவிட்டது. அட, இது நமக்குத் தோன்றவேயில்லையே! சீர் என்பது போய்ச் சேர்வதோடு முடிகிற சங்கதியா? செய்த வீட்டுக்கு ஒருநாள் திரும்பி வர வேண்டும். கொடுக்கிறவள் கஷ்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு வாங்குகிறவள் கஷ்டம் அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டு பேரும் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்கள்.

"நூத்தியொரு தட்டு கொறையக் கூடாது. ஊரு எண்ணும். ஆனா தட்டுல என்ன வைக்கணும்னு எவன் சட்டம் போட்டுருக்கான்?" என்றாள் செல்லத்தாய். "எங்க தோப்பு மாம்பழம் நாப்பது தட்டுக்கு வரும். கொல்லைவழியாக் குடுத்து விடுதேன், நீங்க வாசல்வழியா மேளத்தோட கொண்டாங்க."

"ஏட்டி, நீ குடுத்தத ஒனக்கே சீரா?"

"பழத்துல பேரா எழுதியிருக்கு? மிச்சத்துக்கு வளையல், சீப்பு, மஞ்ச, தேங்கான்னு நெரவிருங்க. சங்கிலிய நான் பாத்துக்கிடுதேன்."

போகும்போது அழுதுகொண்டு போனவள் வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ராஜரத்தினம்தான் குதித்தார். "பொட்டச்சிக ரெண்டு பேரு சேந்து சபையில சொன்ன வாக்க மாத்துவியளா?" அவர் குதித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுப் பரிபூரணம் போனை அவர் காதில் வைத்தாள். மறுமுனையில் தங்கை.

"அண்ணே, நீ போடுத பவுன நான் எங்கேருந்து திருப்பிப் போடுவேன்? கைம்மாத்து வாங்கிப் போடட்டா? நீயே சொல்லு."

தங்கைக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்தவர், அவள் தலையில் சுமையை ஏற்றியிருக்கிறோம் என்று தெரிந்ததும் போனைக் கொடுத்துவிட்டுக் குழாயடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினார். சாப்பிட உட்கார்ந்தபோது, "தட்டு நூத்தியொண்ணுதான?" என்று மட்டும் கேட்டார்.

"அதுல ஒண்ணு கொறையாதுங்க" என்றாள்.

சடங்கன்று நூற்றியொரு தட்டும் மம்சாபுரம் தெருவில் மேளத்தோடு போயின. மாம்பழ வாசனையில் தெருவே மணத்தது. பாண்டிச்செல்வம் ஓரமாக நின்று விரல்விட்டு எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாரிக்கனியை மணையில் உட்கார வைத்து, ராஜரத்தினம் மாலை போட, பரிபூரணம் தோட்டைப் போட்டுவிட்டாள். திருகு உள்ளே போகவே மாட்டேன் என்றது.

"சங்கிலி எங்க மச்சான்?" பாண்டிச்செல்வத்தின் குரல் பந்தல்வரை கேட்டது.

ராஜரத்தினத்தின் முகம் கருத்தது. மொய் வாசித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைச் செல்லத்தாய் வாங்கினாள்.

"எங்கண்ணன் ஒரு பவுன் போடுதேன்னுதான் நின்னாரு. நான்தான் வேண்டாம்னேன். தோடு போட்டுருக்காவ, நூத்தியொரு தட்டு வந்திருக்கு, எனக்கு அது நெறஞ்ச சீரு. எங்க மதினி அடுத்த வாரம் பனி பாக்கப் போறாவ. எல்லாரும் தூங்குத ஞாயித்துக்கிழமையில மாவரச்சுச் சேத்த துட்டு. அதுல சங்கிலி வாங்கி எம்மவளுக்குப் போட்டா அது அவ கழுத்துல உறுத்தும்."

பெண்கள் பக்கமிருந்து எழுந்தது பாருங்கள் ஒரு குலவை! ஒருத்தி ஆரம்பிக்க, வரிசையாக எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அது மாரிக்கனிக்கா பரிபூரணத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை. "பனிக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்க மதினி" என்று ஒருத்தி கத்தினாள். பாண்டிச்செல்வத்தின் பெண்டாட்டி பரிபூரணத்தை ஓரம் கட்டி, "ஞாயித்துக்கிழமைன்னா எம்புட்டு மாவு ஓடும்?" என்று ரகசியமாகக் கேட்டாள். அந்த ஏட்டய்யா பந்திக்கு முந்திக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் கால் தரையில் இல்லை. பனியைத் திட்டிக்கொண்டிருந்த ராஜரத்தினம் தகரப்பெட்டியைத் திறந்து பட்டாளத்துக் கோட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டார். கம்பளி உறையை எந்தக் கையில் முதலில் மாட்ட வேண்டும், உள்ளே எத்தனை சட்டை போட வேண்டும் என்று தாயையும் மகளையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். ரயிலில் சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து பஸ். வழியெல்லாம் புளிச்சோறு. பரிபூரணம் ஜன்னலை விட்டு நகரவேயில்லை. கோதுமை வயல் அறுத்துக் கிடப்பதைக் கண்டாலும், "ஏட்டி, பாரு பாரு!" என்று மகளை உலுக்கினாள்.

மணாலியிலிருந்து மேலே பனி கிடக்கிற இடத்துக்கு ஜீப்பில் பங்குபோட்டுப் போனார்கள். ஒரு வளைவு திரும்பியதும் வெள்ளை தெரிந்தது. முதலில் அங்கங்கே கிழிந்த துணி மாதிரி, பிறகு மலை முழுக்க. ஜீப் நின்றதுதான் தாமதம், புருஷன் கோட்டு முழங்கால்வரை தொங்க, வாடகை ரப்பர் பூட்ஸோடு குதித்துவிட்டாள். கால் கணுக்கால்வரை உள்ளே போனது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள்.

"ஆத்தாடி! ஆத்தாடி! என்னங்க இது, சுடுது!"

"சுடல, குளுருது. உறையப் போடுட்டி, வெரலு வெறச்சிரும்!"

அவள் எங்கே கேட்டாள்? அள்ளி மகள்மேல் எறிந்தாள், தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள், யாரும் பார்க்காதபோது கொஞ்சம் வாயிலும் போட்டுப் பார்த்தாள். மாஜிதாவுக்குப் போட்டோ போனது. செல்லத்தாய்க்கு வீடியோ கால் போட்டு, "செல்லத்தாயி, தெரியுதா? நான்தான் நிக்கேன், நான்தான்!" என்று மலை அதிரக் கத்தினாள். பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ராஜரத்தினம் இடுப்பில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் நிக்கும்போது இது இப்படி இல்லட்டி" என்றார்.

அப்போது ஒரு ஆள் மரச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். மேலே கொண்டுபோய் உட்கார வைத்து விட்டால் சரேலென்று கீழே வந்து சேரலாமாம். அவன் இந்தியில் ஒரு விலை சொன்னான். ராஜரத்தினம் இந்தியில் பேரம் பேசினார். சுற்றி நாலு பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அந்த ஆள் அவர் கோட்டைப் பார்த்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான், பட்டாளத்து ஐயா என்று மரியாதையாக ஃபவுஜி சாப் என்றான். அவ்வளவுதான், அவருக்கு முதுகு நிமிர்ந்தது. வாயும் திறந்தது. ஐயோ, மம்சாபுரம் மாதிரியே ஆகப்போகிறது என்று பரிபூரணம் பல்லைக் கடித்தாள்.

திறந்த வாயை அவர் மூடினார். அத்தனை பேருக்கும் நடுவில் திரும்பி, அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, இதுக்குத் துட்டு இருக்கா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாக்குக் கொடுக்குமுன் அவர் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பனியையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள்.

"இருக்குங்க. மூணு பேருக்கும் இருக்கு" என்றாள். "ஆனா முன்னால நான்தான் உக்காருவேன்."